தளர்த்தித் தைத்த பிறகும் கையைத் தூக்க முடியாத சட்டை: தையற்காரரிடம் எப்படிச் சொல்வது?

மேசைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து தட்டச்சு செய்யும் வேலை என்னுடையது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டைகளையும் பேன்ட்டுகளையும்தான் இதுவரை அணிந்து வருகிறேன். கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவற்றில் ஒரு குறையும் தெரிவதில்லை. உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. பேன்ட்டின் இடுப்புப் பட்டி முன்வயிற்றில் அழுந்துகிறது. கவட்டுப் பகுதி இழுக்கிறது. எழுந்தவுடன் பேன்ட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சட்டையிலோ, மேல் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுக்கக் கையை நீட்டினால் அக்குளின் முன்பக்கம் அறுப்பது போல் இருக்கிறது, கீழே செருகிய சட்டையும் வெளியே வந்துவிடுகிறது.

சட்டை இறுக்கமாக இருப்பதுதான் காரணம் என்று எண்ணி, முழுக்கைச் சட்டை ஒன்றைத் தையற்காரரிடம் கொடுத்து, "கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள்" என்றேன். உள்ளே விட்டிருந்த துணி போதாது என்று கூறி, இருபக்கத் தையல்களையும் பிரித்து, அடியில் 3 சென்டிமீட்டர் அகலமும் மேலே போகப் போகக் குறைந்து அக்குளருகே கூராக முடியும் வடிவமும் கொண்ட ஒரு பட்டையை வைத்துத் தைத்துக் கொடுத்தார். வேலை சுத்தமாகவே இருந்தது. ஆனால் இப்போது சட்டை வயிற்றைச் சுற்றிப் பை போலத் தொங்குகிறது. கையைத் தூக்கினால் பழைய இழுப்பு அப்படியே இருக்கிறது. அவரைக் குறை சொல்ல மனமில்லை, ஏனெனில் நான் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

தையற்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எந்த மாற்றத்தால் உண்மையிலேயே வசதி கிடைக்கும், எந்த உடையைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கழுத்துப் பின்பக்கத்தில் உள்ள லேபிள் உறுத்துவதற்கும் ஏதேனும் வழி இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள்.


காஜாக்காரர்:

நண்பருக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சட்டையில் வைத்த பட்டை அக்குளில் கூராக முடிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துணி தேவைப்பட்ட இடம் அக்குள்; அந்த இடத்தில் அந்தப் பட்டையின் அகலம் சுழியம். தேவையில்லாத வயிற்றருகே 3 சென்டிமீட்டர். சட்டை தொங்குவதற்கும் இழுப்பு நீங்காததற்கும் இது ஒன்றே காரணம்.

கையைத் தூக்கும்போது உடலில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இடுப்பிலிருந்து அக்குள் வழியாக முழங்கை வரை உள்ள நீளம் கூடுகிறது. ஆக, அங்கே தேவைப்படுவது சுற்றளவு அன்று, நீளம். கைக்குழி, அதாவது நாங்கள் ஆர்ம்ஹோல் என்று சொல்லும் வளைவு, அக்குளை ஒட்டி மேலே அமைந்திருந்தால் கை தன் மூட்டிலேயே திரும்பும்; சட்டையின் உடல்பகுதி அசையாமல் நிற்கும். அது கீழே இறங்கியிருந்தால் கைக்கும் விலாவுக்கும் இடையில் துணி வாத்துக்காலின் சவ்வு போல நின்றுவிடும். பிறகு கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சட்டையின் ஒரு பக்கம் முழுவதும் மேலே வரும். ஆழமான கைக்குழிதான் வசதி என்று பலரும் நம்புகிறார்கள். பல ஆயத்த ஆடைகளும், பலவகை உடலுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதற்காக அதை ஆழமாகவே வெட்டுகின்றன. உடல் அசையாதவரை அது தளர்வாகத் தோன்றும், அவ்வளவுதான்.

எனவே முதலில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். சட்டையை அணிந்து, கையைத் தொங்கவிட்டு, அக்குளுக்கும் கைக்குழியின் அடித்தையலுக்கும் இடையே விரல்களை வைத்துப் பாருங்கள். 2 விரல் அளவுக்குள் இருந்தால் இயல்பு. விரலே நுழையவில்லை, தோலும் சிவக்கிறது என்றால் கைக்குழி உண்மையிலேயே சிறியது. அதன் முன்பக்க அடி வளைவில் அரை சென்டிமீட்டர் மட்டும் சீவிவிட்டுக் கையைத் திரும்பப் பொருத்தினால் போதும். அதற்கு மேல் சீவச் சொல்லாதீர்கள், வெட்டிய துணி திரும்பி வராது. மாறாக 4 விரல் இடைவெளி இருந்தால் கைக்குழி தாழ்ந்திருக்கிறது. தோள்பட்டைத் தையலில் கொஞ்சம் பிடித்தால் அது மேலே ஏறும், ஆனால் உங்கள் தோள் சரிவாக இருந்து அங்கே துணி மிகுதியாக நின்றால்தான் இது பொருந்தும்; இல்லையென்றால் வேறு இடத்தில் புதிய இறுக்கத்தை வாங்கிக்கொள்வீர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நான் செய்து தருவது இன்னொன்று. பக்கத் தையலும் கையின் அடித்தையலும் கைக்குழியும் கூடும் அந்த நான்கு முனைச் சந்திப்பைப் பிரித்து, அங்கே சாய்சதுர வடிவில் ஒரு துண்டை வைத்துத் தைப்பது. அத்துண்டின் ஒவ்வொரு பக்கமும் 8 சென்டிமீட்டர் இருந்தால் பெரியவர் ஒருவரின் சட்டைக்குப் போதும். துணியைச் சாய்ந்த இழையில், அதாவது கிராஸில் வெட்டினால் அது சற்று நெகிழ்ந்தும் கொடுக்கும். கையைத் தொங்கவிட்டால் அத்துண்டு மடிந்து உள்ளே ஒளிந்துகொள்ளும், தூக்கினால் விரியும். அதே துணிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்களுடையது முழுக்கைச் சட்டை என்பதால், அதை அரைக்கையாக மாற்ற மனமிருந்தால், வெட்டிய கீழ்க்கையிலிருந்தே 2 துண்டுகளும் கிடைத்துவிடும். மனமில்லையென்றால் நிறம் ஒத்த வேறு பருத்தித் துணியை வைக்கலாம்; அக்குளை யார் பார்க்கப்போகிறார்கள்.

பேன்ட்டுக்கு வருகிறேன். இங்கும் தொல்லை தெரியும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறு. உட்காரும்போது முதுகின் அடியிலிருந்து பிட்டத்தைச் சுற்றிக் கவட்டு வரை உள்ள தூரம் கூடுகிறது, முன்பக்கம் மடிந்து குறைகிறது. பின்பக்க வளைவில் துணியின் நீளம் போதவில்லை என்றால் இடுப்புப் பட்டியைப் பின்னால் கீழே இழுத்துத்தான் உடல் அந்தக் குறையை ஈடுகட்டிக்கொள்ளும். அப்போது பட்டியின் முன்பக்கம் வயிற்றை அறுக்கும். இதைப் பார்த்து இடுப்பு இறுக்கம் என்று முடிவுகட்டி இடுப்பை மட்டும் தளர்த்தினால், பேன்ட் நிற்கும்போது நழுவும், உட்காரும்போது முன்போலவே அழுத்தும். உட்கார்ந்த நிலையில் ஒருவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பட்டி நன்றாகக் கீழே இறங்கி முதுகு தெரிகிறது என்றால் குறை சீட்டின், அதாவது பிட்டத்தை மூடும் பின்பகுதியின், நீளத்தில் இருக்கிறது. பட்டி தன் இடத்திலேயே நின்று சுற்றிலும் சமமாக அழுந்தினால்தான் குறை இடுப்பளவில்.

இடுப்பளவு மட்டும்தான் குறை என்றால் வேலை எளிது. பின்நடுத் தையலைப் பிரித்து இரு ஓரங்களிலும் 1 சென்டிமீட்டர் விட்டால் மொத்தம் 2 சென்டிமீட்டர் கிடைக்கும். தையற்காரர் தைத்த பேன்ட்டில் அந்த இடத்தில் ஓர் அங்குலம் வரை துணி விட்டிருப்பது வழக்கம். ஆயத்தப் பேன்ட்டுகளில் பெரும்பாலும் ஓவர்லாக்கோடு, அதாவது ஓரம் பிரியாமலிருக்கப் போடும் தையலோடு, சேர்த்து 1 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதிலிருந்து பெரிதாக எதையும் எடுக்க முடியாது. அப்படிப்பட்டவற்றில் பட்டியின் இரு பக்கங்களிலும் சிறிது தூரத்திற்கு எலாஸ்டிக் செருகித் தருவேன். அளவெடுக்கும்போது நின்றும் உட்கார்ந்தும் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள், பலருக்கு 2, 3 சென்டிமீட்டர் வேறுபடும். உட்கார்ந்து வேலை செய்பவரின் பேன்ட்டுக்கு உட்கார்ந்த அளவுதான் அளவு.

சீட்டின் நீளத்தைக் கூட்ட வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. பின்பக்கக் கவட்டு வளைவை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கீழ்நோக்கிச் சீவி ஆழப்படுத்தலாம். அல்லது உள்தொடைத் தையலின் மேல்பகுதியில் பின்பக்கத் துணியை மட்டும் வெளியே விடலாம். உள்ளே துணி இருந்தால் இரண்டாவதே மேல், ஏனெனில் அதில் தொடைக்கும் இடம் கிடைக்கிறது. முதலாவதை அளவு மீறிச் செய்தால் கவட்டு தொங்கி, நடக்கும்போது தொடைகளுக்கு இடையே துணி தடுக்கும். சட்டையில் சொன்ன தாழ்ந்த கைக்குழியின் கதைதான் இதுவும்.

தையற்காரரிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "தளர்த்துங்கள்", "பிடியுங்கள்" என்று தீர்வைச் சொல்லாதீர்கள். "இப்படிக் கையை நீட்டினால் இங்கே இழுக்கிறது" என்று அவர் முன்னாலேயே உடையை அணிந்து, நீட்டிக் காட்டுங்கள். அங்கேயே ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி அமர்ந்து காட்டுங்கள். நல்ல தையற்காரர் துணியில் விழும் கோடுகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்: குறுக்கே இழுபடும் கோடு இறுக்கத்தைக் காட்டும், செங்குத்தாகத் தொங்கும் மடிப்பு மிகுதியான துணியைக் காட்டும், சாய்வாக ஓடும் கோடு எந்த முனையில் குவிகிறதோ அங்கேதான் குறை இருக்கும். கவட்டிலிருந்து இரு பக்கமும் மீசை போல விரியும் கோடுகளை நீங்களே கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.

மறந்துவிட்டேனே, மாற்றக் கொடுக்கும் முன் துணியை ஒருமுறையாவது துவைத்துக் காயவையுங்கள். பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். 75 சென்டிமீட்டர் கால்நீளத்தில் 4 விழுக்காடு என்பது 3 சென்டிமீட்டர். கணுக்காலுக்குச் சரியாக மடித்துத் தைத்த பேன்ட் அடுத்த வாரம் கணுக்காலுக்கு மேல் நிற்கும். சான்ஃபோரைஸ்டு என்று முத்திரையிட்ட துணிகளில் இந்தத் தொல்லை குறைவு. சான்ஃபோர்டு கிளூவெட் என்பவர் 1930இல் காப்புரிமை பெற்ற முறை அது. துணியை விற்கும் முன்பே இயந்திரத்தில் சுருங்க வைத்துவிடுவார்கள்.


மென்தோல்:

லேபிளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எனக்குச் சிறு வயது முதலே தையல் உராய்ந்தால் தோல் தடிக்கும். லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பல லேபிள்கள் காலர் தையலுக்குள் செருகித் தைக்கப்பட்டிருப்பதால், வெட்டினால் 2, 3 மில்லிமீட்டர் விறைப்பான முனை அங்கேயே நின்றுவிடும். முழு லேபிளைவிட அந்த வெட்டு முனை அதிகம் குத்தும். தையல் பிரிக்கும் முள்ளால் அந்த இடத்தில் மட்டும் தையலைத் திறந்து, லேபிளை வேரோடு உருவி எடுத்துவிட்டுத் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள். துவைக்கும் முறை லேபிளில்தான் அச்சிட்டிருக்கும் என்பதால் எடுத்ததைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

லேபிள் போன பிறகும் உறுத்தல் இருக்கிறது என்றால் நூலைச் சந்தேகியுங்கள். சில ஆடைகளின் உள்ளே ஓவர்லாக் போடவும் அடிமடிப்பைத் தைக்கவும், மீன்பிடித் தூண்டில் நரம்பு போன்ற ஒளி ஊடுருவும் நைலான் நூலைப் பயன்படுத்துகிறார்கள். எந்த நிறத் துணிக்கும் பொருந்தும் என்பதால் தைப்பவருக்கு வசதி. அதன் அறுந்த முனை ஊசி போலக் குத்துவது அணிபவருக்குத்தான் தெரியும். அதைப் பிரித்துவிட்டுச் சாதாரணப் பருத்தி நூலிலோ மென்மையான பாலியஸ்டர் நூலிலோ மறுபடி தைக்கச் சொல்லலாம். பிரிக்க முடியாத இடங்களில், குறிப்பாகத் தோள்பட்டையிலும் கழுத்திலும், பல முறை துவைத்து நைந்த மெல்லிய பருத்தித் துணியைக் கிராஸாக வெட்டி, தையலை மூடும்படி பட்டை பிடித்துவிட்டால் உள்ளே தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். புதுத் துணியைப் பட்டையாக வைத்து அது சுருங்கித் தையலைக் கொசுவிவிட்ட அனுபவமும் எனக்கு உண்டு, ஆகவே பழைய துணி என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இன்னொரு சிறிய வேலையும் உண்டு. பேன்ட்டின் ஜிப், பொத்தானின் உலோக அடிப்பகுதி ஆகியவை வயிற்றில் படாமலிருக்க, உள்ளே ஒரு மெல்லிய துணிநாக்கைத் தைக்கச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை. உலோகத்தால் வந்த தடிப்பு அதோடு நின்றது.


பழையகோட்டு:

எல்லோரும் நம்பிக்கையூட்டி எழுதியிருப்பதால் நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். தோள்பட்டை சரியில்லாத கோட்டை எக்காரணம் கொண்டும் மாற்றக் கொடுக்காதீர்கள். கைகளைக் கழற்ற வேண்டும், உள்ளே வடிவத்திற்காக வைத்த கேன்வாஸ் என்னும் விறைப்பான துணியையும் தோள் திண்டையும் குறைக்க வேண்டும், லைனிங்கைப் பிரிக்க வேண்டும், பிறகு எல்லாவற்றையும் பழைய வடிவில் பூட்ட வேண்டும். நான் அவ்வாறு கொடுத்து, தோள் குறுகி மார்பு புடைத்து ஏதோ கவசம் அணிந்தது போன்ற ஒன்றைத் திரும்பப் பெற்றேன். தைத்தவர் திறமையற்றவர் அல்லர். கேட்ட நான்தான் அறியாதவன். உடை வாங்கும்போது தோளும் சீட்டும் பொருந்தினால் வாங்குங்கள். நீளமும் இடுப்பும் கைமுனையும் பிறகு சரிசெய்யக்கூடியவை.

சட்டைக்கு 8 சென்டிமீட்டர் துண்டு வைத்து ஒட்டுப்போடுவதைவிட, உங்களுக்கு வசதியான ஒரு பழைய சட்டையை மாதிரியாகக் கொடுத்துப் புதிதாகத் தைத்துக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம்.


காஜாக்காரர்:

கோட்டின் தோளைப் பற்றி நண்பர் சொன்னது முழுவதும் சரி; நானும் அந்த வேலையை ஏற்பதில்லை. மாதிரிச் சட்டையைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். பல முறை துவைத்துத் தோளும் முழங்கையும் உங்கள் உடலுக்கு வளைந்துபோன பழைய சட்டையில் துணியின் நெகிழ்வும் வசதிக்கு ஒரு காரணம். அதே அளவில் விறைப்பான புதுத் துணியைத் தைத்தால் அது இறுகலாம். மாதிரியோடு துணியின் தன்மையையும் சொல்லுங்கள்.


அம்மாவின்_கைத்தடி:

கேட்டவரின் தேவை வேறு என்றாலும், அமர்ந்திருப்பதைப் பற்றிய பேச்சு என்பதால் எங்கள் வீட்டு அனுபவத்தைச் சேர்க்கிறேன். என் தாயார் சில ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். காஜாக்கார ஐயா சொன்ன பின்வளைவு, முன்மடிப்பு எல்லாம் அவர் விஷயத்தில் இரண்டு மடங்கு முக்கியம், ஏனெனில் அவர் எழுந்து நின்று உடையைச் சரிசெய்துகொள்ள முடியாது.

அவருடைய பேன்ட்டுகளில் இடுப்பின் பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்குமாறு பட்டியைக் கழற்றி மாற்றினோம். பின்னால் சேர்த்தது அதே பேன்ட்டின் பின்பைகளைப் பிரித்தெடுத்த துணி. அந்தப் பைகளை எடுத்ததற்கு அதைவிட முக்கியமான காரணம் உண்டு: நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு, பையின் தடித்த ஓரமோ உலோக ரிவெட்டோ அழுந்தும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப்புண் வரக்கூடும், அவ்விடத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வலியும் தெரியாது. எனவே அமரும் பகுதியில் மடிப்புத் தையல், பொத்தான், தடித்த இணைப்பு எதுவும் இருக்கக்கூடாது என்று தையற்காரரிடம் எழுதியே கொடுத்தோம். கால்நீளத்தை அமர்ந்த நிலையில் வைத்து மடித்தோம். முழங்கால் மடியும்போது துணி மேலேறுவதால், நின்ற அளவில் மடித்தால் கணுக்கால் திறந்துகிடக்கும்.

விரல்மூட்டு வலியால் பொத்தான் போடுவது அவருக்குச் சிரமமாயிற்று. காஜாக்களை மூடித் தைத்து, அவற்றின் மேலேயே பழைய பொத்தான்களை அழகுக்காக வைத்துவிட்டு, உள்ளே வெல்க்ரோ துண்டுகளை வைத்தோம். சொரசொரப்பான பக்கம் எப்போதும் உடலுக்கு எதிர்ப்புறம் பார்த்தும் மென்மையான பக்கம் உடலை நோக்கியும் இருக்க வேண்டும். துவைக்கும்போது வெல்க்ரோவை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் நூல்பிசிறு அடைத்துப் பிடிப்பு போய்விடும், கூடத் துவைக்கும் துணிகளும் கிழியும். காந்தப் பொத்தான்கள் இன்னும் எளிது என்று ஒருவர் சொன்னார். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மார்புப் பகுதியில் காந்தம் வைக்கக்கூடாது என்பதால் அதை நாங்கள் தவிர்த்துவிட்டோம். கஃப் பொத்தான்களை மட்டும் எலாஸ்டிக் நூலால் தளர்வாகத் தைத்திருக்கிறோம். பொத்தானைக் கழற்றாமலே கை நுழைந்துவிடுகிறது. இது விரல் வலி இல்லாதவர்களுக்கும் பயன்படும், நானே என் சட்டைகளில் செய்துகொண்டேன்.

அவருடைய ஒரு தோள் விறைத்திருக்கிறது. அந்தப் பக்கத்துத் தையலை முழுவதும் திறந்து, ஓரத்தில் வெல்க்ரோ வைத்த பிறகு உடை மாற்றுவது எளிதாயிற்று. வலியுள்ள கையை முதலில் நுழைத்துக் கடைசியில் கழற்ற வேண்டும் என்பதை உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்ததும் பாதித் தொல்லை குறைந்தது. உடையை மட்டும் மாற்றிப் பயனில்லை, உடுத்தும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது.


மேசைவாசி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்திற்கு மன்னிக்கவும். அதே தையற்காரரிடமே சென்றேன். இம்முறை சட்டையை அணிந்தபடி அவருடைய அலமாரியின் மேல்தட்டை எட்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இதை அன்றைக்கே காட்டியிருக்கலாமே" என்றார். பழைய பட்டைகளைப் பிரித்து எடுத்து, கைகளை அரைக்கையாக்கி, வெட்டிய துணியில் அக்குள் துண்டுகளை வைத்துக் கொடுத்தார். முழுத் தையல் போடுமுன் நீளமான ஓட்டுத் தையலில் மட்டும் கோத்து என்னை அணிந்து பார்க்கச் சொன்னது நல்லதாயிற்று. முதலில் வைத்த துண்டு பெரிதாகி அக்குளில் சுருண்டது, அதைக் குறைத்த பிறகுதான் சரியாக அமர்ந்தது. இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் சட்டை இடுப்பை விட்டு வெளியே வருவதில்லை.

பேன்ட் பாதி வெற்றிதான். உட்கார்ந்தபோது பட்டி பின்னால் இறங்குவதை வீட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உள்தொடையில் விடுவதற்குத் துணி இல்லாததால் வளைவை அரை சென்டிமீட்டர் சீவினார். கவட்டின் இழுப்பு போய்விட்டது. வயிற்றில் அழுத்தம் குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை. லேபிளை நானே பிரித்தேன், இரண்டு இடங்களில் துணியையும் சேர்த்துக் குத்திவிட்டேன்.

இன்னும் மூன்று உடைகள் மிச்சம். நெகிழும் பின்னல் துணியில் ஒரு டி-சர்ட், பக்கங்களில் இறுக்கம். நிறம் வெளுத்த ஒரு ஜீன்ஸ், இடுப்பு இறுக்கம். மூன்றாவது, பட்டுத் துணியில் தைத்த லைனிங் வைத்த மேல்கோட்டு. தோள் பொருந்துகிறது, பொத்தான் போட்டால் மட்டும் வயிறு இறுகுகிறது. இவற்றில் எதைக் கொடுக்கலாம்?


காஜாக்காரர்:

ஓட்டுத் தையலில் அணிந்து பார்க்க வைத்த அந்தத் தையற்காரரை விட்டுவிடாதீர்கள். பேன்ட்டில் மிஞ்சிய அழுத்தத்திற்குப் பட்டியின் உள்ளே வைத்திருக்கும் விறைப்பான கேன்வாஸ் காரணமாக இருக்கலாம். அதை உருவி எடுத்துவிட்டு மெல்லிய பருத்தியை வைத்து, பக்கங்களில் எலாஸ்டிக் சேர்த்தால் மீதியும் குறையும்.

டி-சர்ட்டில் பக்கத் தையலுக்குள் துணி இருக்காது, விட முடியாது. பட்டை வைப்பதென்றால் அதே போல் நெகிழும் பின்னல் துணியையே வைக்க வேண்டும். தைப்பவரிடம் ஓவர்லாக்கோ குறுகிய ஜிக்ஜாக் தையலோ போடும்படியும், உருண்டை முனை ஊசியைப் பயன்படுத்தும்படியும் சொல்லுங்கள். சாதாரண நேர்த்தையல் நெகிழாது. தலை வழியாக அணியும்போதே நூல் பட்டென்று அறும். கூரான ஊசி பின்னல் கண்ணியை அறுத்துவிடும், இரண்டு சலவையில் ஓட்டை விழும். ஒரு டி-சர்ட்டுக்கு இவ்வளவு தேவையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், நான் என்றால் வீட்டில் உறங்கும்போது அணிய ஒதுக்கிவிடுவேன்.

ஜீன்ஸை விட்டுவிடுங்கள். அதன் தையல் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பார்கள். வெளியே விடத் துணி கிடைப்பது அரிது. அப்படியே கிடைத்தாலும் மடிப்புக்குள் வெளுக்காமல் இருந்த கருநீலக் கோடு வெளியே வந்து நிற்கும். மிகவும் பிடித்த ஜீன்ஸ் என்றால், பின்நடுவில் பட்டியை வெட்டி முக்கோணத் துண்டு ஒன்றைச் செருகிப் பெல்ட்டால் மறைத்துக்கொள்ளலாம்.

பட்டு மேல்கோட்டின் பக்கத் தையலைப் பிரிக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அடர்ந்து நெய்த பட்டில் பழைய ஊசித்துளைகள் மறையா. தோல் ஆடையிலும் அப்படியே. வெளியே விட்ட தையலுக்குப் பக்கத்தில் புள்ளி வரிசையாக அவை தெரிந்துகொண்டே இருக்கும். பொத்தான்களை மட்டும் ஓரம் நோக்கி 1 சென்டிமீட்டர் நகர்த்தச் சொல்லுங்கள், காஜாவைத் தொட வேண்டாம். பொத்தான் பிரித்த இடத்தில் துளை தெரியுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கோட்டை மூடும்போது மேல்விளிம்பு அதை மறைத்துவிடும். நகர்த்திய பிறகு அமர்ந்து பாருங்கள். அப்போதும் இறுகினால், உட்காரும்போது பொத்தானைக் கழற்றிவிட்டு அமருங்கள்.